அபாய அழைப்பும் அதற்கான பதிலும்

கடலில் ஆபத்தில் சிக்கிய கலம் கரைக்கு மூன்று செய்திகளைத் தெரிவித்தாக வேண்டும்: தான் யார், எங்கே இருக்கிறது, உதவி தேவை. ஒரு பொத்தானை அழுத்தியதும், சில சமயம் யாரும் அழுத்தாமலேயே, இந்த மூன்றையும் செயற்கைக்கோளுக்கு அனுப்பும் சிறு வானொலிக் கருவிதான் அபாய அறிவிப்புக் கருவி. பெரிய கப்பல்களில் இருப்பதன் பெயர் ஈ.பி.ஐ.ஆர்.பி.; மாலுமிகள் பேச்சில் அது 'ஈபர்ப்'. இந்திய மீன்பிடிப் படகுகளுக்காக இஸ்ரோ உருவாக்கியது 'டாட்'. முன்னது உலகுக்குப் பொதுவானது, பின்னது இந்தியக் கடலுக்கே உரியது. இரண்டும் ஒரே வேலையைச் செய்தாலும் அவற்றின் வரலாறும் வழியும் வேறு.

இந்தக் கருவிகளுக்கு முன்பும் கப்பல்கள் உதவி கேட்டுக்கொண்டுதான் இருந்தன. கடலில் மோதல் தவிர்ப்பதற்கான பன்னாட்டு விதிகளின் நான்காம் இணைப்பில் அபாயக் குறிகளின் பட்டியல் இன்றும் இருக்கிறது. நிமிடத்துக்கு ஒரு பீரங்கி வெடி, கப்பல் தளத்தில் எரியும் தார்ப் பீப்பாய், ஆரஞ்சு நிறப் புகை, இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி மெல்ல ஏற்றி இறக்குதல் என்று போகும் அந்தப் பட்டியலிலேயே ஈபர்ப் கருவியின் சமிக்ஞைக்கும் ஓர் இடம் உண்டு. தார்ப் பீப்பாயும் செயற்கைக்கோளும் ஒரே தாளில் நிற்பதை வேடிக்கையாகக் கருத வேண்டியதில்லை. மின்சாரம் செத்துப்போன கப்பலுக்குத் தீ மட்டும்தான் மிச்சம்.

பழைய குறிகளின் குறை என்ன என்பதைப் புதுச்சேரிக் கடல் ஒரே இரவில் காட்டியிருக்கிறது. புதுச்சேரிக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. அக்காலத்தில் கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் சரக்கும் சலங்குப் படகுகளில் அலைகளைத் தாண்டிக் கரை சேர வேண்டியிருந்தது. 1761 ஜனவரி 1 அன்று இரவு, பிரெஞ்சு நகரை முற்றுகையிட்டு இப்படி நின்றிருந்த ஆங்கிலக் கப்பற்படையைப் புயல் தாக்கியது. நங்கூரக் கயிறுகளை அறுத்துக்கொண்டு ஆழ்கடலுக்கு ஓடும்படி தளபதி ஸ்டீவன்ஸின் கப்பல் பீரங்கி வெடித்துச் சொன்னது. காற்றின் இரைச்சலில் அது மற்றக் கப்பல்களுக்குக் கேட்கவில்லை. சில கப்பல்கள் மூழ்கின, சில கரையில் ஏறி உடைந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உதவி அதிகம் தேவைப்படும் நேரமும், கண்ணுக்கும் காதுக்கும் எதுவும் எட்டாத நேரமும் ஒன்றாகவே வருகின்றன. ஒலியையும் ஒளியையும் நம்பிய எந்தக் குறியும் இந்தச் சிக்கலிலிருந்து தப்பியதில்லை.

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நிற்கும் பழைய கலங்கரை விளக்கம் 1836இல் ஏற்றப்பட்டது. 1979இல் புதிய விளக்கம் வந்தபின் அது ஓய்வு பெற்றது. இரண்டுமே கரை கடலுக்குச் சொல்லும் செய்திகள். கடலிலிருந்து கரைக்கு அவற்றால் எதையும் கொண்டுவர முடியாது. அந்த எதிர்த்திசையைத் திறந்தது வானொலி. 1912இல் டைட்டானிக் மூழ்கியபோது உயிர் பிழைத்தவர்கள் பிழைத்தது கம்பியில்லாத் தந்தியால்தான். ஆனால் மிக அருகில் நின்ற இன்னொரு கப்பலின் வானொலி ஊழியர் தூங்கப் போய்விட்டிருந்தார். கேட்க ஆள் விழித்திருந்தால்தான் அழைப்புக்குப் பயன் உண்டு. படகுகளில் இன்று பயன்படும் வி.எச்.எஃப். ஒயர்லெஸ்ஸுக்கு மேலும் ஒரு தடை உண்டு. அதன் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வதால், பூமியின் வளைவுக்கு அப்பால் இருக்கும் படகை எட்டாது. ஆண்டெனாவை உயர்த்த உயர்த்தத் தூரம் கூடும். பைபர் படகில் எவ்வளவுதான் உயர்த்துவது? ஆகவே ஆண்டெனாவை வானத்திலேயே வைப்பது என்ற யோசனை பிறந்தது.

முதல் அபாயக் கருவிகள் செயற்கைக்கோளுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. விமானங்களில் வைக்கப்பட்ட அவை 121.5 மெகாஹெர்ட்ஸில் ஒருவித ஊளையொலியை எழுப்பும்; மேலே பறக்கும் வேறொரு விமானம் அதைக் கேட்டால் உண்டு, கேட்காவிட்டால் இல்லை. 1972 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் இருவரை ஏற்றிச் சென்ற சிறு விமானம் அலாஸ்காவில் காணாமல்போனது. நெடுநாள் தேடியும் கிடைக்கவில்லை. அதன்பின் இந்தத் துறையில் வேகம் பிறந்தது. வழிமுறை ஏற்கெனவே தெரிந்ததுதான். 1957இல் ஸ்புட்னிக்கின் 'பீப்' ஒலியைக் கேட்டுக்கொண்டிருந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள், அதன் அலைவெண் மாறும் விதத்தை வைத்தே அதன் பாதையைக் கணித்துவிட்டனர். செயற்கைக்கோளின் பாதை தெரிந்திருந்தால், அதே கணக்கைத் தலைகீழாகப் போட்டுத் தரையிலுள்ள கருவியின் இடத்தைக் கண்டுபிடிக்கலாம்.

அந்தக் கணக்கு கிழக்குக் கடற்கரைச் சாலையில் நிற்கும் எவரும் காதால் அறிந்ததே. நெருங்கி வரும் ஆம்புலன்ஸின் சங்கொலி கீச்சென்றும், கடந்து போனதும் சற்றுக் கட்டையாகவும் கேட்கும். டாப்ளர் விளைவு என்பது இதுதான். படகிலிருக்கும் கருவி எப்போதும் ஒரே அலைவெண்ணில் ஒலிபரப்புகிறது. நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பறக்கும் செயற்கைக்கோள், நெருங்கும்போது அதைச் சில ஆயிரம் ஹெர்ட்ஸ் கூடுதலாகவும் விலகும்போது குறைவாகவும் கேட்கிறது. சரியான அலைவெண் கேட்கும் அந்தக் கணத்தில் படகு செயற்கைக்கோளுக்கு நேர் பக்கவாட்டில் இருக்கிறது என்று பொருள். மாற்றம் சட்டென்று நிகழ்ந்தால் படகு பாதைக்கு அருகில், மெல்ல நிகழ்ந்தால் தொலைவில். பாதைக்கு வலப்புறமா இடப்புறமா என்ற ஐயம் மட்டும் மிஞ்சும். பூமி சுழல்வதால் ஏற்படும் சிறு வேறுபாடு அல்லது அடுத்த சுற்று அதைத் தீர்த்துவிடும்.

பனிப்போர் உச்சத்தில் இருந்த 1979இல் அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், கனடா, பிரான்ஸ் ஆகிய நான்கும் இதற்காக ஒப்பந்தம் செய்துகொண்டன. திட்டத்தின் பெயரே பாதி ரஷ்யச் சுருக்கம், பாதி ஆங்கிலச் சுருக்கம்: காஸ்பஸ்–சார்சாட். 1982 ஜூன் 30 அன்று சோவியத் நாடு முதல் செயற்கைக்கோளை ஏவியது. அந்த ஆண்டு செப்டம்பரிலேயே கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் விழுந்த சிறு விமானத்திலிருந்து மூவரை மீட்க அது உதவியது. அமெரிக்கச் செயற்கைக்கோள்களில் அபாயச் செய்திகளைப் பிரித்தறியும் கருவியைத் தந்தது பிரான்ஸ். திட்டத்துக்கு நிரந்தர உருவம் தந்த பன்னாட்டு உடன்படிக்கை 1988 ஜூலை 1 அன்று பாரிஸில் கையெழுத்தானது. உதவி கேட்பவர் எந்த நாட்டவரானாலும் இந்தச் செயற்கைக்கோள் சேவைக்குக் கட்டணம் இல்லை.

121.5 மெகாஹெர்ட்ஸ் ஊளைக்குப் பெயர் கிடையாது. யார் கத்துகிறார் என்பது தெரியாது. இடம் கண்டுபிடிப்பதிலும் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் பிழை. அத்தனை பிழை என்றால் தேட வேண்டிய வட்டம் 1,250 சதுர கிலோமீட்டரைத் தாண்டும். புதுச்சேரி வட்டாரத்தின் மொத்தப் பரப்பே 300 சதுர கிலோமீட்டருக்குள்தான். இந்தக் குறைகளுக்காகவே 406 மெகாஹெர்ட்ஸ் கருவி வடிவமைக்கப்பட்டது. ஐந்து வாட் ஆற்றலில், ஏறக்குறைய 50 நொடிக்கு ஒரு முறை, அரை நொடி மட்டும் அது பேசுகிறது. பேச்சு சிக்கனமாக இருப்பதால் மின்கலம் 48 மணி நேரம் தாங்கும். அந்த அரை நொடிக்குள் கருவியின் அடையாள எண்ணும் நாட்டுக் குறியீடும் போய்ச் சேர்ந்துவிடும். இந்தியாவின் குறியீடு 419. டாப்ளர் கணக்கின் பிழை இதில் ஐந்து கிலோமீட்டருக்குள் அடங்கியது. தேடும் வட்டம் 80 சதுர கிலோமீட்டருக்குக் கீழே வந்துவிட்டது. ஜி.பி.எஸ். பொருத்திய கருவியானால் தன் இடத்தைத் தானே சொல்லிவிடும். அப்போது துல்லியம் ஏறக்குறைய நூறு மீட்டர். 2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் 121.5 மெகாஹெர்ட்ஸைக் கேட்பதையே நிறுத்திவிட்டன. ஆனாலும் அந்தப் பழைய ஊளை ஈபர்ப்பிலிருந்து முற்றாகப் போகவில்லை. அருகில் வந்துவிட்ட ஹெலிகாப்டர் மோப்பம் பிடிப்பதற்காக மெல்லிய 121.5 சமிக்ஞையும் அதில் சேர்க்கப்பட்டிருக்கிறது.

செயற்கைக்கோள் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரு லாபமும் ஒரு நட்டமும் உண்டு. துருவங்களை ஒட்டிச் சுற்றும் தாழ்வட்டச் செயற்கைக்கோள்கள் வேகமாக நகர்வதால் டாப்ளர் கணக்குக்கு உகந்தவை. ஆனால் தலைக்கு மேலே வரும்வரை காத்திருக்க வேண்டும். எல்லாப் பாதைகளும் துருவத்தில் குவிவதால் அங்கே காத்திருப்பு குறைவு, நிலநடுக்கோட்டருகே அதிகம். ஏறக்குறைய 12 பாகை வட அகலாங்கில் இருக்கும் புதுச்சேரிக்கு இது சாதகமானதல்ல. 36,000 கிலோமீட்டர் உயரத்தில் அசையாமல் நிற்பதுபோல் தோன்றும் புவிநிலைச் செயற்கைக்கோள் அழைப்பை அந்தக் கணமே கேட்கும். ஆனால் நகராததற்கு டாப்ளர் ஏது? 1992இல் ஏவப்பட்ட இன்சாட்-2ஏ முதற்கொண்டு இந்தியா தன் சில இன்சாட் செயற்கைக்கோள்களில் இந்தக் கேட்கும் கருவியை வைத்தது. இப்போது மூன்றாவது அடுக்கும் சேர்ந்திருக்கிறது. ஜி.பி.எஸ்., கலிலியோ, குளோனாஸ் போன்ற வழிகாட்டிச் செயற்கைக்கோள்களிலேயே, 19,000 முதல் 24,000 கிலோமீட்டர் உயரத்தில், அபாய அழைப்பு கேட்கும் கருவிகள் பொருத்தப்படுகின்றன. ஒரே அழைப்பைப் பல செயற்கைக்கோள்கள் ஒரே நேரத்தில் கேட்பதால், வந்து சேர்ந்த நேர வேறுபாட்டைக் கொண்டு சில நிமிடங்களில் இடம் தெரிந்துவிடும்.

இனி கருவி. கப்பலின் மேல்தளத்தில், தலைக்கு மேல் கயிறோ கம்பியோ இல்லாத இடத்தில், ஒரு கூட்டுக்குள் ஈபர்ப் பொருத்தப்பட்டிருக்கும். கப்பல் மூழ்கினால், 1.5 மீட்டரிலிருந்து 4 மீட்டர் ஆழத்துக்குள் நீரழுத்தமே ஒரு விசையைத் தட்டிக் கூட்டைத் திறக்கும். கருவி மேலே மிதந்து வந்து, தண்ணீர் பட்டதும் தானாக இயங்கும். தலையில் விளக்கு மின்னும். மாலுமிகள் அனைவரும் மயங்கிக் கிடந்தாலும் இது நடக்கும் என்பதே ஈபர்ப்பின் பெரிய சிறப்பு. அந்த நீரழுத்த விசைக்கு ஆயுள் இரண்டு ஆண்டு. தேதி அதன்மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். கருவியோடு வரும் கயிற்றைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அது உயிர்காப்பு மிதவையில் கட்டுவதற்கானது. தொலைந்துவிடக் கூடாதே என்று கப்பலில் கட்டி வைத்தால் கருவி கப்பலோடு சேர்ந்து அடியில் போய்விடும். தண்ணீருக்குள்ளிருந்து 406 மெகாஹெர்ட்ஸ் அலை வெளியே வராது.

பயணிகள் கப்பல்களும் 300 டன்னும் அதற்கு மேலுமுள்ள சரக்குக் கப்பல்களும் பன்னாட்டுப் பயணம் போனால் 1993 ஆகஸ்ட் 1 முதல் ஈபர்ப் வைத்தாக வேண்டும். 1999 பிப்ரவரி 1 முதல் கடல்சார் அபாயத் தொடர்பு முறை முழுவதும் செயற்கைக்கோளுக்கும் தானியங்கி வானொலிக்கும் மாறிவிட்டது. தந்திக் குறி தட்டும் ஊழியருக்கு இடமில்லாமல் போனது.

வங்கக் கடலில் ஒரு ஈபர்ப் இயங்கினால் அதன் அழைப்பு பெங்களூரில் இஸ்ரோவின் இஸ்ட்ராக் வளாகத்திலுள்ள இந்தியக் கட்டுப்பாட்டு மையத்தைச் சேரும். இலங்கை, வங்கதேசம், மாலத்தீவு உள்ளிட்ட ஏழு நாடுகளுக்கும் இந்த மையம்தான் சேவை செய்கிறது. அங்கிருந்து தகவல் கடலோரக் காவல்படையின் மீட்பு ஒருங்கிணைப்பு மையங்களுக்குப் போகும். அவை மும்பை, சென்னை, போர்ட் பிளேர் ஆகிய மூன்று இடங்களில் உள்ளன. ஏறக்குறைய 46 லட்சம் சதுர கிலோமீட்டர் கடலில் தேடி மீட்கும் பொறுப்பு இந்தியாவுடையது. புதுச்சேரிக்கு நேரே உள்ள கடல் சென்னை மையத்தின் பார்வையில் வருகிறது. காவல்படையின் மாவட்டத் தலைமையகம் ஒன்று புதுச்சேரியில் இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 18 அன்று சென்னை மையத்தின் புதிய கட்டடம் திறக்கப்பட்ட அதே நாளில் புதுச்சேரியில் காவல்படையின் வான்தளமும் திறக்கப்பட்டது. கருவி எத்தனை நல்லதானாலும் கடைசித் தூரத்தைக் கடப்பது ஹெலிகாப்டரும் கப்பலும்தான்.

அந்தக் கடைசித் தூரம் எவ்வளவு நீளலாம் என்பதற்கு அபிலாஷ் டோமியின் அனுபவம் சான்று. தன்னந்தனியே உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பாய்மரப் போட்டியில், 2018 செப்டம்பர் 21 அன்று தென் இந்தியப் பெருங்கடலில் இந்தக் கடற்படை அதிகாரியின் 'துரியா' படகு புயலில் பாய்மரங்களை இழந்தது. முதுகில் பலத்த காயம். எழுந்து நிற்க முடியவில்லை. ஈபர்ப்பை இயக்கினார். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து ஏறக்குறைய 1,900 கடல் மைல் தொலைவில் இருந்த அவரது இடம் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. இந்தியக் கடற்படை விமானம் மேலே பறந்து படகைப் பார்த்தும்விட்டது. ஆனால் பிரெஞ்சு மீன்வளக் காவல் கப்பல் 'ஒசிரிஸ்' வந்து அவரைத் தூக்கியது செப்டம்பர் 24 அன்று.

கப்பல்களுக்கும் பந்தயப் படகுகளுக்கும் கிடைத்த இந்தக் காப்பு தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து புறப்படும் விசைப்படகுக்கோ வீராம்பட்டினம் மணலிலிருந்து தள்ளப்படும் பைபர் படகுக்கோ பன்னாட்டு விதிப்படி கட்டாயமில்லை. ஈபர்ப்பின் விலையும் சிறு படகுக்காரருக்குக் கைக்கெட்டாதது. கைப்பேசிக் கோபுரம் கரையை விட்டுச் சில கடல் மைல் வரைதான் துணை வரும். எஞ்சின் நின்ற படகு நீரோட்டத்தோடு போகும். வங்கக் கடலின் மேற்குக் கரையோர ஓட்டமோ தென்மேற்குப் பருவத்துக்கு முன் வடக்கே இழுக்கும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே இழுக்கும். 2020இல் சென்னை காசிமேட்டிலிருந்து போன விசைப்படகு ஒன்று எஞ்சின் பழுதாகி, வாரக்கணக்கில் மிதந்து மியன்மார் பக்கம் போய்ச் சேர்ந்தது. இந்த இடைவெளியை நிரப்பவே இஸ்ரோ 'டாட்' கருவியை உருவாக்கியது. 2010 முதல் செயல்பட்டுவரும் இது இன்சாட் வகைச் செயற்கைக்கோள் வழியே, படகின் அடையாளத்தையும் இடத்தையும் அதே பெங்களூர் மையத்துக்கு அனுப்புகிறது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவை பயன்பாட்டுக்கு வந்தன.

முதல் தலைமுறை டாட் கருவிக்கு ஒரு குறை இருந்தது. பொத்தானை அழுத்தியவருக்கு அது கேட்டதா இல்லையா என்று தெரியாது. கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு கிடப்பவருக்கு இது சின்ன விஷயமல்ல. உதவி வருகிறது என்று தெரிந்தால் படகை விடாமல் இருப்பார். தெரியாவிட்டால் நீந்திப் பார்க்கலாம் என்ற எண்ணம் எழும், நீந்திப் பிரிந்தவரைத் தேடுவது படகைத் தேடுவதைவிடப் பல மடங்கு கடினம். மறுதிசையில், கரையிலிருந்து எச்சரிக்கை போவதற்கும் நெடுங்காலம் வழியில்லாமல் இருந்தது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலாக உருவெடுத்தபோது கன்னியாகுமரி மாவட்டத்து ஆழ்கடல் படகுகள் பல நாட்களுக்கு முன்பே போயிருந்தன. அவற்றைக் கூப்பிட்டுச் சொல்ல வழி இல்லை. ஏராளமான மீனவர்கள் திரும்பவே இல்லை.

புதுச்சேரி வட்டாரம் இந்த மறுதிசையின் அருமையை அதற்கு முன்பே அறிந்திருந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் இங்கே கிராமத் தகவல் மையங்களை நடத்தியது. அமெரிக்கக் கடற்படையின் அலை உயர முன்கணிப்பை இணையத்திலிருந்து இறக்கி, மீனவக் குப்பங்களில் ஒலிபெருக்கியில் தமிழில் சொல்வது அவற்றின் அன்றாட வேலை. 2004 டிசம்பர் 26 காலை சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் நல்லவாடுக்குத் தொலைபேசியில் சுனாமிச் செய்தியைச் சொன்னார். ஊரார் அந்த மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்து எல்லோரையும் வெளியேற்றினர். அன்று உயிர்களைக் காத்தது செயற்கைக்கோள் அல்ல, யாரிடம் சொன்னால் ஊர் முழுக்கக் கேட்கும் என்று முன்கூட்டியே அமைந்திருந்த ஏற்பாடு.

ஒக்கிக்குப் பிறகு 2019 அக்டோபரில் வந்த 'ஜெமினி' கருவி ககன் செயற்கைக்கோள் வழியே ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையத்தின் எச்சரிக்கைகளைப் படகுக்குக் கொண்டுபோனது. அது கேட்க மட்டும் உதவும், பேச உதவாது. 2024 ஜனவரியில் இஸ்ரோ அறிவித்த இரண்டாம் தலைமுறை டாட் இரண்டு திசைகளையும் இணைத்தது. அழைப்பு கிடைத்ததற்கான ஒப்புகை நாவிக் செயற்கைக்கோள் வழியே படகுக்குத் திரும்பி வரும். புளூடூத்தில் கைப்பேசியோடு இணைத்தால் செய்தியை மீனவரின் சொந்த மொழியில் படிக்கலாம். புயல் எச்சரிக்கையும் மீன்வளம் மிகுந்த இடங்களின் தகவலும் அதே வழியில் வரும். உலகத் திட்டத்திலும் இதே மாற்றம் 2020இல் வந்தது: ஐரோப்பாவின் கலிலியோ, அழைப்பு கிடைத்தது என்று ஈபர்ப்புக்குப் பதில் அனுப்பத் தொடங்கியது. இந்தியாவில், 13 கடலோர மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களின் மீன்பிடிப் படகுகளில் ஒரு லட்சம் இருவழித் தொடர்புக் கருவிகளை இலவசமாகப் பொருத்தும் ஏறக்குறைய 364 கோடி ரூபாய்த் திட்டம் 2024 ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கரில் தொடங்கிவைக்கப்பட்டது. கலங்கரை விளக்கம் கட்டுவதில் காட்டிய அக்கறையில் ஒரு பங்கு கடலிலிருந்து வரும் குரலைக் கேட்பதற்கும் கிடைக்க இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

மிச்சமிருக்கும் பலவீனங்கள் பெரும்பாலும் கரையில்தான். கருவியின் அடையாள எண் பெங்களூர் மையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். கலத்தின் பெயர், உரிமையாளர், கரையில் யாரை அழைப்பது என்ற விவரம் இருந்தால், அழைப்பு வந்ததும் முதல் தொலைபேசி வீட்டுக்குப் போகும். படகு உண்மையில் கடலில்தான் இருக்கிறதா, எத்தனை பேர் போனார்கள் என்பது ஒரு நிமிடத்தில் தெரியும். படகு கைமாறி, பதிவு மாறாமல் கிடந்தால் அந்த அழைப்பு பழைய உரிமையாளருக்குப் போகும். மின்கலத்துக்கும் காலாவதித் தேதி உண்டு. பொத்தானை அழுத்திப் பார்த்தே சோதிக்கக் கூடாது. அதற்கெனத் தனிச் சோதனை விசை இருக்கிறது, அது அனுப்பும் குறியைச் செயற்கைக்கோள்கள் அபாயமாக எடுத்துக்கொள்வதில்லை.

உலகெங்கும் பெறப்படும் அழைப்புகளில் மிகப் பெரும்பான்மை தவறுதலாக எழுந்தவையே: கழுவும்போது தண்ணீர் பட்டது, கூட்டைக் கழற்றும்போது விசை தட்டியது, பழையதென்று குப்பையில் போட்டது. உடைக்கப்போன கப்பலிலிருந்தும் அழைப்பு வந்ததுண்டு. ஒவ்வொன்றையும் உண்மையெனக் கொண்டே மையம் விசாரிக்கிறது. தவறுதலாக இயங்கிவிட்டால், பயந்து அணைத்துவிட்டுப் பேசாமல் இருப்பதுதான் பெரிய தவறு. குரல் பாதியில் நின்றால் படகு மூழ்கிவிட்டது என்றே கரை எண்ணும். தாமே முன்வந்து தெரிவிப்போர்மீது பொதுவாக நடவடிக்கை எடுப்பதில்லை என்பதே பன்னாட்டு நடைமுறை. கருவியை அணைத்ததும் மீட்பு மையத்துக்குச் சொல்லிவிட வேண்டும். கடலோரக் காவல்படையின் கட்டணமில்லா எண் 1554.